முளைகட்டிய கொள்ளும் முகூர்த்தச் சேலையும்

உடம்பைக் கெடுத்துக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதைச் சரிசெய்ய ஒரே நாள் போதும் என்று எப்படி நினைத்தேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஆரணியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் பட்டுச்சேலைக் கடை, பின்பக்கம் நாங்கள். காலையில் பொங்கல் வடை, நடுவில் போண்டா, ராத்திரிக்குப் பரோட்டா என்று சுகமாக இருந்தவன் நான். வேலூரில் ஒரு டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, காய்கறி, பயறு, சிறுதானியம் எல்லாம் நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வயிறு பழக வேண்டும் என்றும் சொன்னாராம். அது கூட வந்த என் மனைவி சாந்தியின் காதில் மட்டும் விழுந்திருக்கிறது. (வியாபாரியின் காது, வேண்டியதை மட்டும்தான் உள்ளே விடும்.)

மறுநாளே புரட்சி. காலையில் ஒரு பெரிய கிண்ணம் முளைகட்டிய கொள்ளு, அதன் மேல் பச்சை முட்டைக்கோஸ், முள்ளங்கி. மதியம் வரகரிசிச் சோறும் காராமணிக் குழம்பும். சாயங்காலம் கொண்டைக்கடலை. எதிரே உட்கார்ந்து பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்த சாந்தி, "ஒரேயடியா இவ்ளோ துன்னா வயிறு தாங்குமாங்க?" என்று கேட்டாள். நான் அவள் பூரியை ஒரு துறவியின் இரக்கத்தோடு பார்த்தேன்.

அடுத்த நாள் எழுந்தபோது வயிறு மத்தளம்போல் இறுகிக் கிடந்தது. நச்செல்லாம் வெளியேறும் அறிகுறி அது என்று செல்போனில் யாரோ ஒருவர் புன்னகையோடு விளக்கினார். அவரை நம்பி இன்னும் கொஞ்சம் கொள்ளு கூட்டிக்கொண்டேன். அன்று பார்த்துத்தான் அந்தக் கல்யாணக் கூட்டம் வந்தது.

பெண் வீடு கண்ணமங்கலம். மாப்பிள்ளை வீடு செய்யார். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் ஷிஃப்ட் என்பதால் அவர் வரவில்லை. பெண், பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா மூவரும் வந்திருந்தார்கள். முகூர்த்தச் சேலை படிந்துவிட்டால், இரண்டு வீட்டுச் சொந்தபந்தங்களுக்கும் எங்களிடமே எடுப்பார்கள். அந்த சீசனுக்கே பெரிய வியாபாரம்.

விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கொள்ளு வயிற்றோடு ஒருவர் செய்யக்கூடாத முதல் காரியம் அது.

பெண்ணின் அம்மாவுக்கு அரக்கு நிறம் வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மயில்கழுத்து நிறம். இருவரும் மிகுந்த மரியாதையோடு, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூவரும் மௌனமானார்கள். அந்த மௌனத்தில் என் வயிறு பேசியது. தூரத்தில் லாரி மேடு ஏறுவதுபோல் ஆரம்பித்து, கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது.

சட்டென்று ஒரு சேலையை உதறி விரித்தேன். பட்டின் சரசரப்பில் சத்தம் அமுங்கியது. அதன் பிறகு வயிறு வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சேலையை உதறினேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். விரிப்பு முழுக்கச் சேலைகள் குவிந்தன. மாப்பிள்ளையின் அம்மா என் சுறுசுறுப்பைப் பாராட்டினார்.

ஆனால் சத்தத்தைத்தான் சேலையால் மறைக்க முடியும். அடுத்து வந்தது சத்தத்தோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து உள்ளே ஓடினேன்.

நான் கழிவறையில் இருக்கும்போது கடையில் நடந்ததைச் சாந்தி பிறகு சொன்னாள். பெண்ணின் அம்மா முகம் சுருங்கி, "இன்னாம்மா, பேசிகினு இருக்கும்போதே எழுந்து பூட்டாரு?" என்று கேட்டிருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருந்த இவள் கண் இமைக்காமல், "உள்ள ஸ்பெஷலா கொஞ்சம் வெச்சிருக்காருங்க. அதை எடுத்துகினு வரத்தான் போனாரு" என்று சொல்லிவிட்டாள்.

நான் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, நடைக்கு வந்து வழிமறித்து விஷயத்தைக் கிசுகிசுத்தாள். நடையில் இருந்த பீரோவில் சரக்குச் சேலைகள் சிலவற்றை வைத்திருப்போம். கைக்கு வந்த ஒன்றை எடுத்துப்போய், பெரிய ரகசியத்தைத் திறப்பவன்போல் விரித்தேன். அம்மாக்கள் இருவரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே இன்னும் நல்லது இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

மறுபடி ஓடினேன். மறுபடி ஒரு சேலை. அதற்குப் பிறகும் ஓடினேன். இப்போது நான் எழுந்தாலே அவர்கள் ஆவலோடு நிமிர்ந்தார்கள். "இருக்கறதிலேயே நல்லத கடைசியிலதான் காட்டுவாங்க, பாருங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா சம்பந்தியிடம் சொன்னது உள்ளே எனக்கே கேட்டது. இருவரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த முறை வெளியே வந்து பார்த்தால் பீரோவில் சரக்கு தீர்ந்திருந்தது. கண் இருட்ட, அடித்தட்டில் கையை விட்டு, மடிப்புக் கலையாத ஒன்றை உருவிக்கொண்டு போனேன். வெங்காயத்தோல் நிறம், பச்சை பார்டர், முந்தானை நிறையச் சரிகை. விரித்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. எங்கள் கல்யாண நாளுக்குச் சாந்திக்கென்று நானே சொல்லி நெய்யவைத்த சேலை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கலாம் என்று அவள் அப்படியே வைத்திருந்தாள்.

அதுவரை வாயே திறக்காத பெண், சேலையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இதுதான் வேணும்மா."

அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரக்கும் இல்லை, மயில்கழுத்தும் இல்லை. அதனால் யாருக்கும் தோல்வி இல்லை. இருவரும் சம்மதித்தார்கள். நான் சாந்தியைப் பார்க்காமல் சரிகையைப் பார்த்தேன்.

அவள் பெண்ணின் தோளில் முந்தானையைச் சரிசெய்தபடி, "உனக்குன்னே நெய்ஞ்ச மாதிரி கீது கண்ணு" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றாள்.

அன்று மதியம் எனக்கு மோர்சாதம் கிடைத்தது. அதற்கு மேல் எதிர்பார்க்கும் தகுதி எனக்கு இல்லை. பிறகு டாக்டர் சொன்னபடி, சாந்தி தன் கையால் அளந்து, ஒரு பிடி காயும் அரைப்பிடி பயறுமாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். வயிறு பழகியது. சர்க்கரையும் வாசலில் இருந்து இறங்கிப்போனது. அவளுக்கு அதைவிட நல்ல சேலை ஒன்று நெய்து வந்துவிட்டது. அதை அவள் என் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறாள்.

கண்ணமங்கலம் அம்மாதான் எங்களை விடவில்லை. அந்தக் கடைக்காரர் நல்ல சேலையை உள்ளே பதுக்கிவைப்பார், அசையாமல் உட்கார்ந்தால் வெளியே வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கடையில் இருக்கும் எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நான் எப்போது எழுந்து உள்ளே போவேன் என்று காத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கத்தான் போகிறேன் என்று சொன்னால் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். சாந்தியோ, பீரோ பூட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள்.