மூணாம் லைன் பீத்தோவன்

"கோல்ட்ரேனுக்கு இன்னா மூஞ்சி?" என்று கேட்டான் டில்லிபாபு.

ஜெபகுமார் கண்களை மூடி, பல்வலிக்காரன் போல் தலையை ஒரு பக்கம் சாய்த்தான்.

"டேய், அது மைல்ஸ் டேவிஸ் மூஞ்சி! கோல்ட்ரேனுக்கு மூச்சை இழுத்துப் புடிச்சிக்கினு மேல பாக்கணும். ஆம்ஸ்ட்ராங்குக்குத்தான் சிரிக்கணும். நாளைக்கு மாத்திகீத்தி வச்சிடாத" என்று அதட்டினான் டில்லிபாபு.

கம்பெனி பஸ் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்த அசதியில் பஸ்ஸே தூங்க, கடைசி சீட்டில் மட்டும் இந்த முகப்பயிற்சி நடந்தது.

சங்கதி இதுதான். கார் சீட் செய்யும் கம்பெனியில் மூன்றாம் லைன் சூப்பர்வைசரான ஜெபகுமார், அதே கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் ஜாஸ்மினை இரண்டு வருடமாகக் காதலித்து வந்தான். இந்த ரகசியம் ஜாஸ்மின் உட்பட யாருக்கும் தெரியாது. திடீரென்று சர்ச் மூலம் அந்த வீட்டிலிருந்தே சம்பந்தம் பேச ஆள் வந்தபோது, ஆண்டவரே தரகு வேலைக்கு இறங்கிவிட்டதாக நினைத்தான்.

ஆனால் ஜாஸ்மினின் அப்பா ஆசீர்வாதம் ஒரு சங்கீதப் பைத்தியம். பீத்தோவன், பாக், கோல்ட்ரேன், ஆம்ஸ்ட்ராங் வாசித்த அமெரிக்க ஜாஸ் என்று அலமாரி நிறைய இசைத்தட்டு வைத்திருப்பவர். பாட்டைக் கேட்டு உருகாதவனுக்குப் பெண் கிடையாது என்பது அவர் கட்டளை. ஜெபகுமாருக்கோ பாட்டும் ஒன்றுதான், பம்புசெட்டும் ஒன்றுதான்.

"ஏற்கெனவே ரெண்டு பேரு அவுட்டு" என்றான் டில்லிபாபு. வல்லக்கோட்டையில் ஜாஸ்மின் வீட்டுத் தெருதான் அவனுக்கும். "ஒருத்தன் பேங்க் ஆபீசரு. தட்டு ஓடச்சொல்லோ போனைப் பாத்தான். மிக்சர் துன்றதுக்குள்ள அனுப்பிட்டாரு. தெருவுல நின்னு கூப்டாகூட மன்சன் திரும்ப மாட்டாரு. அப்டி ஒரு பாட்டு மயக்கம்."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்த கையோடு ஜெபகுமாரும் அவன் அம்மா ஜோதியும் ஜாஸ்மின் வீட்டுக்குப் போய்க் காலிங்பெல்லை மூன்று முறை அடித்தார்கள். ஜன்னல் வழியே ஆசீர்வாதம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. அவர் அசையவே இல்லை. பாட்டு ஓடாத வேளையிலேயே இப்படி மயங்குகிறாரே என்று நினைத்தான் ஜெபகுமார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி லீலா ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

ஜாஸ்மின் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆசீர்வாதம் ஒரு தட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியின் மேல், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல் உள்ளங்கையை வைத்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து ஜெபகுமாரின் முகத்தையே பார்த்தார். இன்டர்வியூவில்கூட அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

முதலில் ஒரு ஊதுகுழல். அப்புறம், தொண்டை கட்டிய ஒருவர் கரகரவென்று பாடினார். பாவம், ஏதோ துக்கத்தில் அழுகிறார் என்று முடிவு செய்த ஜெபகுமார், பேண்ட் பாக்கெட்டுக்குள் தொடையைக் கிள்ளிக் கண்ணீரை வரவழைத்தான்.

"ஆம்ஸ்ட்ராங்குக்கா அழுவுறீங்க?" ஆசீர்வாதத்தின் குரல் கூடத்தையே அதிரவைத்தது. "நல்லா குஷியா பாடுவாரே!"

ஜெபகுமார் அவசரமாகச் சமாளித்தான். "அது... எங்க தாத்தா செத்துப்போன ஞாபகம் வந்துடுச்சி சார்."

பக்கத்திலிருந்து ஜோதி அலறினாள். "இன்னாடா சொல்ற? காலைலகூட ரெண்டு இட்லி சேத்துத் துன்னாரேடா அந்த மன்சன்!"

ஜாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டாள். லீலா கூரையைப் பார்த்தாள். வானத்தில் போகும் விமானம் வரை கேட்டிருக்கும் அந்த அலறல், ஆசீர்வாதத்தை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அவர் கண் ஜெபகுமாரின் முகத்தை விட்டு நகரவில்லை.

"குஷிக்குள்ள துக்கத்தைப் பாக்குறீங்க" என்றார் பரவசமாக. "எல்லாராலயும் முடியாது."

பெரிய மனுஷன், பொய்யைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்று ஜெபகுமாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைச் சரிக்கட்ட, அடுத்த தட்டுக்கு, பஸ்ஸில் பழகிய மூன்று முகங்களையும் வரிசையாகப் போட்டுக் காட்டினான். "மேலுக்கு முடியலையா தம்பி?" என்று கேட்டார் ஆசீர்வாதம். அவர் முகத்தில் இருந்த களை போய்விட்டது. பேங்க் ஆபீசரின் கதி தனக்கும்தான் என்று ஜெபகுமார் மிக்சரைப் பார்த்தான்.

"கடைசியா ஒண்ணு" என்று அவர் சலிப்போடு எழுந்தார். "பீத்தோவன். பியானோ."

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். ஜெபகுமாரின் கம்பெனியில் லைனுக்கு ஒரு டியூன். எந்த லைனில் வேலை நின்றாலும் அதற்கான டியூன் ஒலிபெருக்கியில் பாடும். ஒரு நிமிஷத்துக்குள் அந்த சூப்பர்வைசர் ஓடிப்போய் நிற்காவிட்டால் மேனேஜர் வந்து நிற்பார். மூன்றாம் லைனுக்குக் கொடுத்திருந்த டியூனை யார் எழுதினார்கள் என்று ஜெபகுமார் நாலு வருடமாகக் கேட்டதில்லை. ஓடத்தான் நேரம் இருந்தது.

பியானோவின் முதல் நாலு சுரம் விழுந்ததும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. நெற்றியில் வேர்வை கொட்டியது. உதடு துடித்தது, கை பட்டுக் காபி டம்ளர் உருண்டது. அந்த டியூனைக் கேட்டுக் குவாலிட்டிக்காரியான ஜாஸ்மினே பாதி எழுந்துவிட்டாள்.

"லைன் நின்னுபோச்சி! லைன் நின்னுபோச்சி!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினான் ஜெபகுமார். கேட்டில் கட்டியிருந்த நாயைத் தாண்டிய பிறகுதான், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது.

எல்லாம் போச்சு என்று தலை குனிந்து திரும்பி வந்தான். ஆசீர்வாதம் கூடத்தின் நடுவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல இப்டி ஒரு மூஞ்சியப் பாத்ததில்ல தம்பி! ஒக்கார முடியல பாரு உங்களால! ஜாஸ்மின் உங்களுக்குத்தான்."

ஜாஸ்மின் தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ஜெபகுமார் நூறு முறை லைனை நிறுத்தத் தயார். ஆனால் நெஞ்சு உறுத்தியது. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றிப் பெண்ணைக் கட்டுவதா? ஆசீர்வாதம் திரும்பி நின்று தட்டைப் பத்திரமாக உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்து, சத்தமாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டில்லிபாபுவின் மூன்று முகங்கள், உயிரோடிருக்கும் தாத்தா, மூன்றாம் லைன் டியூன், ஒன்றுவிடாமல்.

"எனக்குப் பாட்டுன்னா இன்னான்னே தெரியாது சார். என்னை மன்னிச்சிடுங்க."

ஆசீர்வாதம் அலமாரியை மூடிவிட்டுத் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"அப்புறம் தம்பி, தை மாசமே வச்சிக்கலாமா?"

இவ்வளவு பெரிய மன்னிப்பைச் சர்ச்சில்கூட ஜெபகுமார் கேள்விப்பட்டதில்லை.

உருண்ட டம்ளரை எடுக்கக் குனிந்த லீலா, நிமிராமலே சொன்னாள்.

"தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல வேல பாத்து அவருக்கு ரெண்டு காதும் போயி ஒம்பது வருஷம் ஆவுது தம்பி, எதிர்ல குந்துறவங்க மூஞ்சியப் பாத்துத்தான் அவரு பாட்டே கேக்குறாரு."