காலிறக்கி அம்மன் வந்த கதை

ஒரு காட்டுல, குளத்துக்குப் போற பாதையோரமா, சடச்சின்னு ஒரு முயல் வளை தோண்டி குட்டிங்களோட குடியிருந்துச்சு. நல்ல எடம், நல்ல காத்து. ஒரே ஒரு குறைதான். காட்டுல யாருக்கு ஒண்ணுக்கு வந்தாலும் சரியா அந்த வாசல்லதான் வரும்.

சடச்சி கெஞ்சிப் பாத்துச்சு. திட்டிப் பாத்துச்சு. 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'னு பலகை வச்சுப் பாத்துச்சு. பலகை வச்ச பிறகுதான், 'ஓ, இதான் அந்த எடமா'ன்னு பக்கத்துக் காட்டுக்காரங்களும் தேடி வர ஆரம்பிச்சாங்க. வளைக்குள்ள கோடையிலயும் ஈரம். கடைசிக் குட்டிக்கு இருமல் நிக்கவே இல்ல.

தெனமும் தவறாம வர்றது கொம்பையாங்கிற நரி.

"அண்ணே, உள்ள பிள்ளைங்க தூங்குதுண்ணே."

"அதுக்கென்ன தாயி, நான் சத்தமில்லாமத்தான போறேன்."

அன்னைக்குத்தான் சடச்சி முடிவு பண்ணுச்சு. குளத்தங்கரையில கெடந்த ஒரு கல்ல உருட்டிட்டு வந்து வாசல்ல நட்டுச்சு. காட்டு மஞ்சளக் கடிச்சு, துப்பிப் பூசுச்சு. சப்பாத்திக்கள்ளிப் பழத்த நசுக்கிப் பொட்டு வச்சுச்சு. மேல ஒரு அரளிப்பூ. மொத்த வேலையும் ஒரு டீ குடிக்கிற நேரம்.

மறுநாள் கொம்பையா வந்துச்சு, காலத் தூக்குச்சு, கல்லப் பாத்துச்சு. தூக்குன காலு தானா எறங்கிருச்சு. அடக்கிக்கிட்டே கன்னத்துல போட்டுக்கிச்சு.

"தாயி, இது என்ன சாமி?"

சடச்சி பேரெல்லாம் யோசிச்சு வைக்கல. கண்ணு நரியோட கால்லயே இருந்துச்சு. "கா... காலிறக்கி அம்மன்ண்ணே."

"நெனச்சேன்! தூக்குன கால அந்தரத்துலயே புடிச்சு எறக்கிட்டாளே!"

வாசல் காஞ்சுச்சு. குட்டிக்கு இருமல் நின்னுச்சு. கதை இத்தோட முடிஞ்சிருந்தா எனக்கும் வேலை மிச்சம். ஆனா, கால்ல முள்ளு குத்தி நொண்டிட்டு வந்த யானை, கும்பிட மண்டி போட்டப்ப முள்ளு கல்லுல உரசிக் கழண்டுருச்சு. அவ்வளவுதான். காட்டுல உள்ள அத்தனை காலும் வலிக்க ஆரம்பிச்சிருச்சு.

மூங்கில் கட்டி வரிசை விட்டாங்க. ஆமைங்களுக்கு மட்டும் தனி வரிசை. அதுங்க வந்து சேர்றதுக்குள்ள நடை சாத்திருவாங்கங்கிறது வேற விஷயம். கிளி கையில மைக்கு. கொம்பையா பூசாரி. ஒச்சப்பன்னு ஒரு கரடி, கமிட்டித் தலைவர்.

"அம்மன் என் கனவுல வந்து எடத்தக் காட்டுனா" அப்படின்னு மைக்குல சொல்லுச்சு கரடி. "யாரும் செய்யல. மண்ணப் பொளந்து தானா வந்தவ. சுயம்பு!"

சடச்சிக்குப் பொறுக்கல. "யோவ், நான்தான்யா செஞ்சேன்! நீங்க ஒண்ணுக்குப் போகக்கூடாதுன்னு!"

கொம்பையா மெதுவா கேட்டுச்சு: "சரி தாயி, செஞ்சது நீ. உன்னைய செய்ய வச்சது யாரு?"

மொத்தக் காடும் கன்னத்துல போட்டுக்கிச்சு. வரிசையில நின்ன சடச்சியோட சொந்த மாமியாரு உள்பட.

"அது சரி," கரடி வளைய எட்டிப் பாத்துச்சு. "சாமி காலுக்கடியில எவம்மா குடும்பம் நடத்துறது? தீட்டு. காலி பண்ணு."

குட்டிங்களக் கூட்டிட்டு முள்ளுப்புதருக்குப் போச்சு சடச்சி. பனியில கடைசிக் குட்டி மறுபடி இரும ஆரம்பிச்சுது. அந்த இருமலக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்த சடச்சி, திடீர்னு எந்திரிச்சுக் குளத்தங்கரைக்கு நடந்துச்சு.

அடுத்த நாள் கொம்பையா வீட்டு வாசல்ல ஒரு கல்லு. மஞ்சள், பொட்டு, இந்தவாட்டி ரெண்டு அரளிப்பூ.

"எவனோ செஞ்சு வச்சிருக்கான்!" நரி குதியா குதிச்சுது. "தொட்டுப் பாருங்கய்யா, மஞ்சள் கூடக் காயல!"

கரடி கன்னத்துல போட்டுக்கிச்சு. "செஞ்சது எவனா இருந்தா என்ன கொம்பையா, செய்ய வச்சது யாரு?"

"அண்ணே, அது நான் சொன்னது!"

"நீதான் சொன்ன. உன்னைய சொல்ல வச்சது யாரு?"

"என்ன சாமிங்க இது?"ன்னு யானை கேட்டுச்சு.

கூட்டத்துக்குப் பின்னாடியிருந்து ஒரு சின்னக் குரல்: "காலிபண்ணி அம்மன்."

பொழுது சாயறதுக்குள்ள மூங்கிலு, மைக்கு, ஆமை வரிசை எல்லாம் புதுச்சாமி பக்கம் போயிருச்சு. ஆமைங்க மட்டும் இன்னும் வழியில. சடச்சி குட்டிங்களோட பழைய வளைக்கே திரும்பிருச்சு.

கொஞ்ச நேரத்துல வீடில்லாத கொம்பையா ஆத்திரமா வந்துச்சு. பழைய கல்லு முன்னாடி நின்னு காலத் தூக்குச்சு. சுத்தி யாருமே இல்ல. காலு அந்தரத்துலயே நின்னுச்சு. அப்புறம், தானா எறங்கிருச்சு.

வளைக்குள்ளருந்து பாத்துக்கிட்டிருந்த சடச்சி, தன்னையறியாம கன்னத்துல போட்டுக்கிச்சு. தன் கையால உருட்டிட்டு வந்த கல்லுதான். இருந்தாலும்.

நீதி: சாமிய யாரு வேணா உண்டாக்கலாம், தப்பே இல்ல. அடுத்தவன் வாசல்ல உண்டாக்கு.