கவ்வாத்துக் கையும் பிளாஸ்டிக் தட்டும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது. கை இறுகும். அவ்வளவுதான். திட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் திட்டாமல் வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கையில் நாலு நகத்தின் தடம் இருக்கும். ("இவரு சண்ட போடுறதெல்லாம் இவரு கையோடதான்" என்பாள் என் மனைவி.) அப்படி இறுகிய கையால் ஒருநாள் தோட்டமே பார்க்க நான் பட்ட அவமானம் இது. எழுதும்போதே கோபம் வருகிறது. பேனா தாளைக் கிழிக்கிறது.

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்துவிட்டு, திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிற வேலை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே காம்பரா, ஒரே அறை. அதில் அக்கா, மச்சான், அவர்களுடைய நாலு பிள்ளைகள், அப்பா, நான். நான் காலை நீட்ட வேண்டுமானால் யாராவது ஒருவர் எழுந்து உட்கார வேண்டும்.

இந்த லட்சணத்தில் மேல் லயத்துப் பூங்கொடியை எனக்குப் பெண் கேட்டு அப்பா போனார். பூங்கொடியின் அம்மா ராக்கம்மா பேச்சை வளர்க்கவில்லை.

"பையன் நல்ல பையன்தாங்க. வாயத் தொறக்காது. ஆனா எம்பொண்ணு எங்க படுக்கும்? கூரையிலயா? தனிக் காம்பரா வாங்கிட்டு வாங்க, மறுபேச்சு இல்லாம தாரேன்."

கடைசி லயத்தில் ஒரு காம்பரா பூட்டிக் கிடந்தது. அதில் இருந்த குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. தோட்டத்தை நடத்துகிற துரை அதில் உர மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். உரத்துக்குத் தனிக் காம்பரா! எட்டுப் பேருக்கு ஒன்று! ஆபீசுக்கு மூன்று முறை போய் நின்றேன். மூன்று முறையும் "பாப்போம்" என்றார். என்னத்தைப் பார்த்தாரோ. மூன்று முறையும் கையை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் துரையின் கூட்டாளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து பங்களாவுக்கு வந்தார். ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் தட்டுகள் கொண்டுவந்தார். சோறு தின்னுகிற தட்டு இல்லை, எறிகிற தட்டு. தூரத்தில் ஒரு கூடை இருக்கும். நின்ற இடத்திலிருந்து எறிய வேண்டும். விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவன் ஜெயித்தான். கூடைக்கு எங்கே போவது? எங்கள் பெண்கள் கொழுந்து போடுகிற பிரம்புக் கூடைகளையே கம்பில் மாட்டினார்கள்.

ஒருநாள் ஒரு தட்டு நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலையில் வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தேன். நேரே போய்த் துரையின் காலடியில் இறங்கியது. (வாழ்க்கையில் அப்படி ஒரே ஒருமுறைதான் நடக்கும். அது நடந்தது என் கெட்ட காலம்.)

"டேய், இங்க வா. ஒம்பேரு என்னா?"

மூன்று முறை காம்பரா கேட்டுப் போனவனிடம் பெயர் கேட்கிறார்! சொன்னேன். பக்கத்துத் தோட்டத்துத் துரையும் இந்த விளையாட்டில் ஒரு ஆளை இறக்குகிறாராம். எங்கள் துரைக்கும் ஒரு ஆள் வேண்டுமாம். கோழிச்சண்டைக்குச் சேவல் பிடிக்கிற மாதிரி என்னைப் பிடித்தார்.

"ஜெயிச்சா என்னா வேணும்?"

என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. "காம்பராங்க தொர."

"உரம் கெடக்குற காம்பராவா? சரி, ஜெயி. தாரேன்."

குடியிருக்க ஒரு அறை, அதற்கு நான் தட்டு எறிய வேண்டும். சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது நினைத்தாலும் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

இரண்டு வாரம் பழகினேன். தட்டைப் பங்களாவை விட்டு வெளியே தரமாட்டார்கள் என்பதால் அக்காவின் சோத்துப்பானை மூடியை எடுத்துக்கொண்டேன். பிடிப்புத்தான் எனக்கு வினை. கவ்வாத்துக் கத்தியைத் தளர்த்திப் பிடித்தால் அது நழுவி முழங்காலில் இறங்கும். அதனால் எங்கள் கை எதைப் பிடித்தாலும் உயிர்ப்பிடியாகத்தான் பிடிக்கும். மூடியையும் அப்படியே பிடித்தேன். நான் விட நினைக்கும்போது விரல்கள் விடவில்லை. அவை விடும்போது மூடி வலப்பக்கம் பறந்துபோய்விடும். முதல் நாள் கோழிக்கூட்டில் விழுந்தது. இரண்டாம் நாள் அடுத்த வீட்டுக் கொடியிலிருந்த வேட்டியைக் கிழித்தது.

"மச்சான், கூட எங்கன்னு சொல்லு. அத வலப்பக்கமா நகத்தி வச்சிருவோம்" என்றார் அக்கா புருஷன்.

"மூடி சப்பையாகிப் போச்சு. ஆவியெல்லாம் வெளிய போகுது, நான் எப்பிடிடா சோறாக்குறது?" என்று அக்கா கத்தினாள்.

கடைசியில் அந்த வெளிநாட்டுக்காரரே என் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்கு விளங்கவில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலு விரலை விளிம்புக்குக் கீழே மடக்கினார். கட்டைவிரலை மேலே வைத்து, லேசாக, முட்டையைப் பிடிக்கிற மாதிரி அமர்த்தினார். எறிந்தேன். நேராகப் போனது! மறுபடி எறிந்தேன். துரை பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் போனது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கவ்வாத்து வெட்டிய மலையில் ஆறு கூடைகளைக் கம்பில் மாட்டியிருந்தார்கள். மேல் மலையில் கொழுந்து அதிகம் என்று அன்றைக்கும் பெண்களை இறக்கியிருந்தார்கள். லயத்து ஆம்பளைகள் எல்லாம் ரோட்டோரம் நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆள் அந்தத் தோட்டத்துக் கிளார்க்கர். கையில் காய்ப்பே இல்லாத மனிதன். தட்டு அவன் கையிலிருந்து பூ மாதிரிப் போனது. நான் இரண்டு முறை தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கிச் சேற்றில் தட்டுத் தேடினேன். ஆனாலும் கடைசிக் கூடைக்கு வரும்போது எப்படியோ நெருங்கிவிட்டேன். கிளார்க்கர் ஆட்டத்தை முடித்துவிட்டான். ஒரே எறியில் நான் கூடைக்குள் போட்டால் ஜெயம்.

அப்போது பனிமூட்டம் இறங்கியது. துரை என் காது கேட்க அடுத்த துரையிடம் தமிழிலேயே சொன்னார். "இவன் கோட்ட விட்டா காம்பராவுல உர மூட்டதான் புள்ள பெத்துக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என் கை இறுகியது. பூங்கொடியை நினைத்தேன். பிறகு என் விரல்களை நானே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முட்டை, முட்டை என்று சொல்லிக்கொண்டேன். பனிக்குள் முப்பது தப்படித் தூரத்தில் கூடை மங்கலாகத் தெரிந்தது. எறிந்தேன். அப்படி ஒரு எறியை நான் அதற்கு முன்னும் எறிந்ததில்லை, பின்னும் எறிந்ததில்லை. சத்தமில்லாமல் போய்ச் சொத்தென்று கூடைக்குள் இறங்கியது.

"விழுந்திருச்சு!" என்று கத்தினேன். நான் வாய்விட்டுக் கத்தியது அதுதான் முதல் தடவை.

கூடை நடக்க ஆரம்பித்தது.

"எந்த நாசமாப் போனவன்டா எம்முதுகுல சட்டிய எறிஞ்சது?"

கொழுந்து நிறுக்க இறங்கி வந்த ராக்கம்மா! தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடையோடு, மூச்சு வாங்கப் பாதையில் ஒரு நிமிடம் நின்றிருக்கிறார். உண்மையான கூடை பத்துத் தப்படி இடப்பக்கம் காலியாகத் தொங்கியது. ரோட்டோரத்தில் எழுந்த சிரிப்பு ஹட்டன் டவுன் வரை கேட்டிருக்கும்.

"முட்டாள்! போடா!" என்றார் துரை. வெளிநாட்டுக்காரர் தன் தட்டை வாங்க ஓடினார்.

ராக்கம்மா என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி இந்த வேல?"

"காம்பராவுக்குங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் துரையைப் பார்த்தார். தட்டைக் கொழுந்துக்கு அடியில் அமுக்கினார்.

"தொர, கூடையில எறின்னு நீங்கதான சொன்னீங்க? எறிஞ்சிருச்சு. விழுந்திருச்சு. எந்தக் கூடன்னு சொன்னீங்களா? சாவி வரட்டும், தட்டு வரும்."

சொல்லிவிட்டு நிறுவைக்குப் போய்விட்டார். வெளிநாட்டுக்காரர் என்ன சங்கதி என்று கேட்டார். துரை முகம் சிவந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாவி வந்தது.

மூட்டைகளைத் தூக்கிய பிறகும் அந்தக் காம்பராவில் ஆறு மாதம் உர நாற்றம் போகவில்லை. எங்கள் மூத்தவன் தும்மிக்கொண்டே பிறந்தான் என்பார்கள். எனக்குக் கோபம் அதில் இல்லை. கேட்டபோது தந்திருக்க வேண்டிய காம்பரா அது. பூட்டியே கிடந்தது. அதற்காக என்னைத் தட்டு எறிய வைத்தார்களே என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை. இதைச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. குறி வைத்து மாமியாரை அடித்துப் பெண் எடுத்தவன் என்றுதான் பேரப்பிள்ளை வரை கதை போகிறது.

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறார். சோத்துத் தட்டை நான் நீட்டினால் போதும், முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்.

"மாப்பிள்ள, கையில குடுங்க. எறிஞ்சிராதீங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கை இறுகும். தட்டை நீட்டிக்கொண்டே நிற்பேன். அத்தை அந்தப் பக்கம் இழுப்பார்.

"விடுங்க மாப்பிள்ள, விடுங்க!"

விடத்தான் பார்க்கிறேன். விரல் கேட்பதில்லை.