எக்ஸ்ரேக்காரர் வாவ் சொன்ன கதை

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கிய எக்ஸ்ரேக்காரர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு வந்துடுங்க. அவரு ஆறு மணிக்குத்தான் வருவாரு. அவருக்குத் தெரியவே கூடாது. பாத்ததும் ஆச்சரியப்படணும்."

எக்ஸ்ரேக்காரர் தூக்கிய காலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். ஆச்சரியப்படுவது ஒன்றுதான் அவருக்கு வராத வேலை.

இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறார். படத்தில் எது தெரிந்தாலும் முகத்தில் தெரியக் கூடாது. வந்து படுப்பவர்கள் பார்ப்பது படத்தை அல்ல, இவர் முகத்தைத்தான். பழகிப் பழகி முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. போன வருடம் கல்யாண நாளுக்கு அவள் தன் கையாலேயே படுக்கையறைக்குப் பெயின்ட் அடித்து, இவர் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய் நிறுத்தினாள். நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடலாமா?" என்றார். இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காதது போலப் பேசினாள். அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

இந்தத் தடவை கோட்டை விடக் கூடாது.

மறுநாள் ஆஸ்பத்திரி ரிசப்ஷன் பெண்ணிடம் போனார். லிஃப்ட் வேலை செய்தாலே "வாவ்" என்கிற பெண் அவள்.

"ஆச்சரியப்படறது எப்படின்னு கொஞ்சம் சொல்லிக் குடும்மா."

"'அடேயப்பா'ன்னு சொல்லுங்க சார், பாக்கலாம்."

"அடேயப்பா."

"டோக்கன் நம்பர் கூப்பிடற மாதிரி இருக்கு சார். தமிழ்ல சொன்னா கூடவே முகமும் வரணும். இங்கிலீஷ்ல அந்தத் தொல்லை இல்ல. பாதி வேலையை வார்த்தையே பாத்துக்கும்."

துண்டுச்சீட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். முதலில் வாவ். மூச்சு வாங்கிக்கொண்டு ஓ மை காட். பிறகு அமேசிங். அதற்கு மேலும் தேவைப்பட்டால் அன்பிலீவபிள்.

புதன்கிழமை ஒரு பெரியவர் முழங்கால் வலி என்று வந்தார். படம் பளிச்சென்று விழுந்தது. யாருக்கும் கேட்காமல் பயிற்சி செய்ய இதுதான் நல்ல இடம் என்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"வாவ்."

மைக்கை அணைக்க மறந்திருந்தார். உள்ளே கூரை ஸ்பீக்கரிலிருந்து 'வாவ்' கணீரென்று இறங்கியது.

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "என்னப்பா தெரியுது?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா வாவ்?"

சமாளிக்க வேண்டுமே என்று அடுத்த வார்த்தையை எடுத்தார். "உங்க எலும்பு அமேசிங்குங்க."

"எழுபத்து மூணு வயசு எலும்புல என்னய்யா அமேசிங்? மறைக்காம சொல்லு."

சத்தம் கேட்டு பெரியவரின் மனைவி உள்ளே வந்தார். இவருடைய சுவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "எதையோ மறைக்கிறாரு. முகத்தைப் பாருங்க" என்று அழ ஆரம்பித்தார். அவரைத் தேற்ற, எலும்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில், "அன்பிலீவபிள்மா" என்றார். அழுகை வராண்டா வரைக்கும் போனது. பெரிய டாக்டர் தானே இறங்கி வந்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூன்று முறை விளக்கிச் சொன்ன பிறகுதான் இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல உங்க வாயிலிருந்து 'மூச்சைப் பிடிங்க', 'விடுங்க'ன்னு ரெண்டு பேச்சுதான் கேட்டிருக்கேன். வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"சனிக்கிழமை சரியாயிடும் டாக்டர்."

"அப்போ சனிக்கிழமை மத்தியானமே கிளம்பிடுங்க."

சனிக்கிழமை டாக்டர் மத்தியானமே விரட்டிவிட்டதில், நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே தன் வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. இப்போது தயங்கினால் வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிடும் என்று, கதவைத் தள்ளி, இரண்டு கையையும் விரித்து, "வாவ்" என்றார்.

அப்புறம்தான் பார்த்தார். காதில் பென்சில் செருகிய ஒருவர், நான்கு காலும் மேலே தெரிய ஒரு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு எதிரே நின்றார்.

அது அவருடைய நாற்காலி. பதினெட்டு வருடமாக வேலை முடிந்து வந்ததும் அவர் விழுகிற நாற்காலி. கைப்பிடித் துணி கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். அதை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டேதான் பேப்பர் படிப்பார்.

"ஓ மை காட்" என்றார். இது தானாகவே வந்தது.

மனைவி அவரையே பார்த்தாள். "என்னங்க, இது வீட்டை விட்டுப் போறதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருடம் இந்தக் கந்தலை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். இப்போது முகம் சுருங்கினால் போன வருடக் கதைதான். நல்ல வேளை, அந்தச் சுவர் முகம் வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டில் உதவியது.

"அமேசிங்" என்றார்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"அன்பிலீவபிள்."

அவள் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் ஒரு தடவையாவது சரியாக ஆச்சரியப்பட்டுவிட்டோம் என்று எக்ஸ்ரேக்காரர் தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டார்.

"சரி, எடுத்துட்டுப் போயிடுங்க. நீங்களே வச்சுக்குங்க" என்றாள் அவள், அந்த ஆளிடம்.

வாசல்படி வரை போனவர், நாற்காலியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்போ, ஐயா மனசு நோகக் கூடாது, பழைய துணி மாதிரியே இருக்கணும்னு இந்த நாற்காலிக்குன்னே ஒரு மாசமா கடை கடையா ஏறித் தேடி எடுத்தீங்களே, அந்தத் துணியை நான் எதுக்கும்மா தைக்கிறது?"