செவ்வாய்க்கிழமை நடக்காத வருகை

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழக்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமான தங்கை தாமரைக்கு, அண்ணன் ஜெயராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உன் முழங்கால் வலியையும் சர்க்கரையையும் தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். நான் இங்கே சுகம். இங்கே இருக்கிறேன் என்பதுதான் வெட்கம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இந்தப் பூமியில் இருக்க மாட்டேன் என்று சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மூன்று மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். தகப்பன் இல்லாத பிள்ளை, கல்யாணத்தன்று கோவிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக மாமன்தான் வேண்டும் என்று பிரேமினியின் நிச்சயத்தன்று எல்லார் முன்னாலும் நீ கேட்டாய். நான் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நோவாவின் காலத்திலும் இப்படித்தான் பெண் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள், வெள்ளம் வந்தது, நீங்கள் குறித்த சனிக்கிழமைக்கு நான்கு நாள் முன்பே கர்த்தருடைய வருகை நடந்துவிடும், மண்டபத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். சம்பந்தியம்மாள் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அண்ணன் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் அல்ல. ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். வேதத்தில் தானியேல் சொன்ன நாட்களும் எனக்கு ஓர் அட்டவணைதான். புறப்பட்ட இடம் தெரிந்தால் வந்து சேரும் நேரம் தெரியும். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று போதகர் என்னைத் திருத்தப் பார்த்தார். நான் நாழிகையா சொன்னேன்? மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் என்று தாராளமாகத்தானே சொன்னேன்?

செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். விட்டுப்போகும் சாமான்கள் வீணாகக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டி, மதியத்துக்குள் கொடுத்தும் அனுப்பினேன். ஃபிரிட்ஜ் எதிர் வீட்டுக் கன்னையாவுக்கு, வாஷிங் மெஷின் மூன்றாம் மாடிக்கு, கைப்பேசி கீழே டீக்கடைக்காரருக்கு. ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோமே, அதே பழக்கத்தில் சாவியையும் கன்னையாவிடம் கொடுத்தேன். "அண்ணே, மேல போனா திரும்ப வர மாட்டீங்கதானே? அப்புறம் வந்து ஃபிரிட்ஜ கேக்கக்கூடாது லா" என்றான். சத்தியம் செய்துகொடுத்தேன். அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மேருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் நின்றேன். ஐந்தரைக்கு வானம் கறுத்து இடி இடித்தது. கைகளை உயர்த்தினேன். எக்காளம் மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. எட்டிப் பார்த்தால் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள். பிறகு கொட்டிய மழையில் ஒரு நூல் காயாமல் நனைந்தேன். மழைக்குப் பயந்து செக்யூரிட்டி மாடிக் கதவைப் பூட்டிவிட்டுப் போனதை ஏழு மணிக்குத்தான் கண்டுபிடித்தேன். கூப்பிடக் கைப்பேசி இல்லை. கன்னையா என்ன ஆயிற்றென்று பார்க்க எனக்குப் போன் போட்டிருக்கிறான். டீக்கடைக்காரர் எடுத்து, ஆளைக் காணோம் என்றிருக்கிறார். கன்னையா பயந்துபோய் பிரேமினியைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் பங்சாரில் ஆபீஸ் முடிந்து அப்படியே ஓடி வந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி மாடிக் கதவைத் திறந்து, "மாமா, எறங்கி வாங்க" என்றாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்மா" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் தண்ணீர்த் தொட்டிப் படியில் துப்பட்டாவால் ஈரத்தைத் துடைத்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அவளும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் ஆச்சு மாமா. பசிக்குது லா" என்றாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தாமரை. கேட்டிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

கன்னையா அன்றிரவே சாவியோடு திரும்பி வந்து வீட்டைத் திறந்துவிட்டான். மறுநாள் மூன்றாம் மாடிக்கு வாஷிங் மெஷினைத் திரும்பக் கேட்கப் போனால், அதற்குள் அவர்கள் துணி சுற்றிக்கொண்டிருந்தது. முடியும்வரை வாசலில் நின்றேன். கன்னையா படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "என்னண்ணே, வண்டி லேட்டா?" என்கிறான். ஃபிரிட்ஜ் அவனிடம்தான் இருக்கிறது.

கணக்கு தவறு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. புறப்பட்ட இடத்தை மட்டும் தப்பாக எடுத்துவிட்டேன். ஆனாலும் சம்பந்தி வீட்டார் முன்னால் அப்படிப் பேசியவன் எந்த முகத்தோடு அந்தப் பிள்ளையின் கையைப் பிடிப்பான்? அவள் சித்தப்பா பிடிக்கட்டும். சனிக்கிழமை நான் வரப்போவதில்லை. இது என் முடிவு; நீ அழைத்தாலும் மாற மாட்டேன். நீ அழைக்கவில்லை, அது வேறு விஷயம்.

பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் கர்த்தர் நீண்ட ஆயுசைத் தருவாராக. நீண்ட என்றுதான் எழுதுகிறேன், கவனி.

உன் அண்ணன்,
ஜெயராஜ்.

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. சனிக்கிழமைக்குள் வந்து சேராது, கையோடு கொண்டு வருகிறேன். இந்த வரிகளைக் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஷா ஆலாம் தாண்டிவிட்டது. மடியில் கோட்டு சூட்டு இருக்கிறது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கினேன், கை கொஞ்சம் நீளம், நீதான் மடித்துத் தைக்க வேண்டும். இன்னொன்று கேட்க வேண்டும். பிள்ளை எனக்கு வலப் பக்கம் நடப்பாளா, இடப் பக்கமா? கன்னையாவை நிறுத்தி வைத்து நடைபாதையில் நடந்து பார்த்தேன், அவன் வலது என்கிறான். அவன் என்றைக்கு நம் கோவிலுக்குள் போனான்? நீ வாசல் கேட்டைத் திறந்து சொல். பேச வேண்டாம், கையைக் காட்டினால் போதும்.