நட்பு அளக்க வந்த அலுவலர்

கூடை என்பது வெங்காயம் போட்டு வைக்கும் சாமான் என்று உலகம் இதுநாள் வரை தவறாக எண்ணி வந்திருக்கிறது. நியாய வணிகப் பேரவையின் மேலான கருத்துப்படி, கூடை என்பது நட்பை உள்ளே வைத்துக் கடல் கடந்து அனுப்பும் ஒரு கலம். அதில் யாராவது வெங்காயம் போட்டால் அது அவரவர் சொந்தப் பொறுப்பு.

இந்த உண்மை தெரியாமலேயே எங்கள் வீட்டு முன்னறையில் அம்மாவும் நெட்டை அத்தையும் பல வருஷமாகப் பிரம்புக் கூடை முடைந்துகொண்டிருந்தார்கள். நெட்டை அத்தை எங்கள் சொந்தம் இல்லை. எங்கள் கண்டமே இல்லை. கூடை முடையக் கற்றுக்கொள்ள வந்தவள், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள், திரும்பிப் போகவில்லை. தமிழையும் அம்மாவிடம்தான் கற்றாள். அம்மா வாயைத் திறந்தால் வருவது முக்கால்வாசி திட்டு. ஆகவே அத்தைக்குத் தெரிந்த தமிழும் அதுதான். ஆள் வெளிநாடு, வாய் அப்படியே அம்மா.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முடைந்தவள் தன் கூடையைத் தானே சோதிக்கக் கூடாது. மற்றவள் அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து, மனசாரக் குறை சொல்ல வேண்டும். அதைத் தாங்கிய கூடைதான் கடைக்குப் போகும்.

வெளிநாட்டுக் கடைக்காரர் ஒவ்வொரு கூடையிலும் ஒரு சீட்டு கட்டுவார்: "இரு பண்பாடுகளின் நட்பில் உருவானது." பேரவை இதைப் பார்த்துவிட்டது. கூலி நியாயமானதா? ஆம். பிரம்பு நியாயமானதா? ஆம். நட்பு? அதை யார் சோதித்தது? முத்திரை இல்லாமல் சரக்கு கப்பலேறாது என்று உத்தரவு வந்தது. சரக்கு போகாவிட்டால் தொழில் இல்லை. தொழில் இல்லாவிட்டால் அத்தை இங்கே தங்க அனுமதி இல்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே நட்புச் சரிபார்ப்பு அலுவலர் நேரில் எழுந்தருளினார். அந்த நேரம் பார்த்து அத்தையின் கூடைமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி எருமை, இது விளிம்பா, மலைப்பாதையா? மேல ஏறுது, கீழ இறங்குது!"

"உன் கண்ணுதான்டி கோணல்! கழுவிட்டு வந்து பாரு!"

"வாய் மட்டும் நீளம். உன் காலைவிட நீளம்!"

அலுவலர் தொண்டையைச் செருமினார். "வணக்கம். இங்கே நிலவும் நட்பை அளவிட வந்திருக்கிறேன்."

"வாங்க, உக்காருங்க," என்று அம்மா கூடையை விட்டு எழுந்து அதையே அவருக்குப் போட்டாள்.

"நீங்கள் இருவரும் பகைவர்களா?"

"எவன் சொன்னான்? இவ என் உயிருங்க."

"எருமை என்றீர்களே?"

"பின்ன? தெருவுல போறவங்களையா சொல்ல முடியும்? அடிக்க வந்துடுவாங்க."

'நட்பில் விலங்குகள் கலந்துள்ளன' என்று அலுவலர் குறித்துக்கொண்டார். "சரி. கடைசியாக எப்போது ஒருவருக்கொருவர் நன்றி கூறினீர்கள்?"

அத்தை அம்மாவின் காதருகே குனிந்தாள். "நன்றின்னா என்னடி?"

"அது மேடையில சொல்றது. நமக்கு வேணாம்."

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வருகையின்போது பரஸ்பர மரியாதை கண்ணுக்குத் தெரியும்படி நிலவ வேண்டும். இல்லையேல் முத்திரை இல்லை."

வீட்டில் பயிற்சி தொடங்கியது. அளவு நாடாவைக் கழுத்தில் டை மாதிரிக் கட்டிக்கொண்டு அப்பாதான் அலுவலர்.

"கூடையைப் பாராட்டுக!"

அம்மா பல் பிடுங்கக் கொடுத்தவள் மாதிரி வாயைக் கோணினாள். "தங்கள்... கூடை..."

"சிரிச்சிக்கிட்டே சொல்லு!"

"சிரிச்சிக்கிட்டுதான்யா இருக்கேன்!"

அலுவலர் மறுபடி வந்தபோது அத்தையின் கூடை அடியில் கை நுழைகிற அளவு ஓட்டை. அம்மா அதன் வழியாக அவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "துளை மிகவும் நேர்த்தியாக அமைந்துள்ளது."

"தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி," என்றாள் அத்தை.

அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. முத்திரை கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் வருவார்.

எனவே மரியாதை எந்த நேரமும் நிலவியது. யாரும் எந்தக் கூடைமேலும் உட்காரவில்லை. ஓட்டைகள் செழித்து வளர்ந்தன. அந்தக் கூடைகளோ வெளிநாட்டில் பிய்த்துக்கொண்டு போயின! 'பற்றற்ற கூடை' என்று பேர். எதைப் போட்டாலும் கீழே விழுந்துவிடும், மனசு லேசாகும். வசதியான வீடுகளில் வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். கடைக்காரர் எழுதினார்: "ஓட்டை இன்னும் தாராளமாக இருக்கட்டும்."

ஆயுசு முழுக்க நெருக்கி முடைந்த அம்மா, ஓட்டை முடைந்து அத்தையிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"மிக அருமை."

"ஒரே ஒரு தடவை திட்டுடி."

அத்தை ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். "மன்னிக்கணும். தங்களைத் திட்டுற அளவுக்கு நமக்குள்ள பழக்கம் இல்லைங்க."

அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, இதைத் திருப்பிக் குடுத்துடலாம். நீ ஊருக்குத்தான் போகணும்னா என் தோழியாப் போ. விருந்தாளியாப் போகாத."

பேரவை அலுவலகத்தில் விதி தெளிவாக இருந்தது. "முத்திரையை ஒப்படைக்க வேண்டுமானால், நட்பு முறிந்ததை நேரில் நிரூபிக்க வேண்டும்."

கேட்கவா வேண்டும்! மாதக்கணக்கில் தேங்கியதெல்லாம் மடை திறந்தது. எருமை வந்தது, கழுதை வந்தது, அவரவர் பரம்பரை வரிசையாக வந்தது. பக்கத்து அறைக்காரர்கள் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். நடுவில் மூச்சு வாங்கியபோது அத்தை அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "குடிச்சிட்டு வாடி, இன்னும் பாதி இருக்கு."

அலுவலர் வியர்வையைத் துடைத்தார். "இவ்வளவு ஆழ்ந்த பகையை என் பணிக்காலத்தில் கண்டதில்லை. இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து கூடை முடைகிறீர்களா?"

"ஆமா," என்றார்கள் இருவரும்.

அவர் அடி இழுப்பறையிலிருந்து இன்னும் பெரிய முத்திரை ஒன்றை எடுத்தார்: 'பகைவர் கைகோத்து முடைந்த சமாதானக் கூடை.' அத்தைக்கும் தங்க அனுமதி கிடைத்தது, பகை நீடிக்கும் வரை.

செய்தி தெருவில் பரவியது. எதிர்வீட்டு அண்ணனும் தம்பியும் நடுவில் உள்ள ஒரு சுவருக்காகக் காலங்காலமாக வழக்காடுகிறவர்கள், திட்டிக்கொள்ளும் அளவுக்குக்கூடப் பழக்கம் இல்லாதவர்கள். நமக்கு இல்லாத பகையா என்று அவர்களும் நாலு கூடை முடைந்து விண்ணப்பித்தார்கள். அலுவலர் சோதிக்க வந்தார்.

"அண்ணன் உக்காருங்க, நான் நிக்கறேன்."

"இல்ல தம்பி, நீங்கதான் உக்காரணும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அலுவலர் நெகிழ்ந்துபோனார். பகைக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து, முதல் வகுப்பு நட்புச் சான்றிதழ் ஒன்றை அங்கேயே வழங்கினார்.

அதை அந்தச் சுவரில் யார் வீட்டுப் பக்கம் மாட்டுவது என்று இப்போது வழக்கு நடக்கிறது.