எங்கள் ஊர் தண்ணீரில் உப்பு பத்தவில்லையாம்

கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொல்வது புரிந்தால் தலையாட்டுவார்கள். புரியாவிட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவார்கள். நான் இரண்டாவது வகை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோலுக்குப் பசை தடவுகிற வேலை பார்த்தேன். அந்த வேலைக்கு வாய் தேவையே இல்லை.

அங்கே தரம் பார்க்கிற சார் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒத்தாசையாகப் போனபோதுதான் அந்த மீன் தொட்டியைப் பார்த்தேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். கையில் சோப்பு நுரையோடு அதன் முன்னால் நின்றவள்தான், பந்தி முடிந்து பாயசமும் தீர்ந்துபோனது எனக்குத் தெரியவில்லை.

நான் வேலையை விட்டு நின்ற பிறகு, சாருக்கு வெளியூர் மாற்றல், தொட்டியைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று எதையும் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"மீனா? கொழம்புக்கா?" என்றார் எங்க வீட்டுக்காரர்.

"பாக்கறதுக்குங்க."

"அதை இன்னாத்துக்குப் பாக்கணும்? அது நம்மள திரும்பிப் பாக்குமா?"

"கடல் மீனுங்க. உப்புத் தண்ணியிலதான் உசுரோட இருக்கும். நம்ம போர்ல வர்றதும் உப்புத் தண்ணிதானே?"

இந்த ஒரு வார்த்தைக்கு அவர் தலையாட்டிவிட்டார். சுற்றிலும் தோல் பதனிடுகிற ஊர்கள், அந்த உப்புக் கழிவெல்லாம் நிலத்துக்குள்தான் இறங்கும். மாதனூர் பக்கத்தில் எங்கள் தெரு போர் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, முருங்கைகூடப் பட்டுப்போகும். (முருங்கையே!) கிராம சபை கூடினால் எங்க வீட்டுக்காரர் எழுந்து, "இது போர் தண்ணி இல்லீங்க, கடல் தண்ணி!" என்று முழங்கிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டுதான் உட்காருவார். அந்தத் தண்ணியிலும் ஒரு ஜீவன் சந்தோஷமாக நீந்துமென்றால் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

சார் வீட்டுக்குப் போனோம். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "அம்மா, இது கண்ணாடி இல்ல, அக்ரிலிக். அழுத்தித் தேய்ச்சா கீறல் விழும்." ஆட்டினேன். பெரிய வெள்ளை பக்கெட் ஒன்றைக் காட்டி நிறையச் சொன்னார். நிறைய ஆட்டினேன். உள்ளே முள் வைத்த ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். "இது உப்பு அளக்கறது. இதுல தொட்டித் தண்ணிய மொண்டு பாருங்க. முள்ளு ஏறி இந்தப் பச்சைக் கோட்டுக்கு வரணும். வந்தப்புறம்தான் மீனை விடணும். சாயங்காலம் வரைக்கும்தான் இதுங்க பையில தாங்கும். என் புள்ளைங்க மாதிரி வளத்தேன்மா." இது மட்டும் நன்றாகப் புரிந்தது. அதனால் மெதுவாக ஆட்டினேன்.

தொட்டி, கற்கள், மோட்டார், பக்கெட் எல்லாம் குட்டி யானை வண்டியில் வந்தன. மீன் பை என் மடியில் வந்தது. வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், மீன்களுக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொட்டியைக் கழுவலாம் என்று பக்கெட்டைத் திறந்தேன். உள்ளே வெள்ளைத் தூள். மூடியில் முழுக்க இங்கிலீஷ். நான் படித்தது ஐந்தாவது, அதுவும் தமிழில். எங்கள் வீட்டுக்கு பக்கெட்டில் வெள்ளைத் தூள் வந்தால் அது துணி துவைக்கிற சோப்புத் தூள்தான். சார் எவ்வளவு நல்லவர், தேய்க்கத் தூளும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாரே என்று, தேங்காய் நாரில் தொட்டு ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்தேன். நுரை வரவில்லை. எங்கள் தண்ணியில் எந்தத் தூள்தான் நுரைத்தது? இன்னும் அள்ளிப் போட்டேன். பாதி பக்கெட் போனபோது தொட்டியின் அந்தப் பக்கம் மார்கழி மாதத்துப் பனி மாதிரி வெளுத்துவிட்டது.

"அழுத்தித் தேய்க்காதேன்னு அவர் சொல்லச் சொல்ல மண்டைய மண்டைய ஆட்டினியே!" என்றார் இவர். பனி மூடிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். நன்றாக அலசி, போர் தண்ணியை நிரப்பினோம். முள் டப்பாவில் மொண்டு பார்த்தேன்.

முள் அசையவில்லை. படுத்தே கிடந்தது.

இவர் பிடுங்கி, உதறி, மறுபடி மொண்டார். கொஞ்சம் புரண்டு படுத்தது, அவ்வளவுதான்.

"இந்தத் தண்ணியில உப்பு பத்தலையா? டப்பா ரிப்பேரு! இது வெளியில தெரிஞ்சா கிராம சபையில நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு பேசுவேன்?"

அவர் கத்தினது தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு நூர்ஜஹான் முதலில் வந்தாள். ஒரு தம்ளர் மொண்டு குடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"இதுவா பத்தல? இதுல குளிச்சே என் முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இதுக்கு மேல இன்னா உப்பு வேணுமாம் அந்த மகாராணிங்களுக்கு?"

பிறகு ஆளாளுக்கு வந்து ருசி பார்த்தார்கள். ஊரே வாயில் வைக்க முடியாது என்று சண்டை போட்ட தண்ணிக்கு, அன்றைக்கு என் வீட்டுக் கூடத்தில் வரிசை. எல்லாருக்கும் ஒரே ரோஷம், எங்கள் தண்ணியை ஒரு பிளாஸ்டிக் டப்பா குறைசொல்வதா என்று. நான் மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டில் பெரிய மீன், பையின் மூலைக்குப் போய் அசையாமல் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்து கேட்ட ஒரே ஒரு பொருள், என் கண்ணெதிரிலேயே சாகப்போகிறது.

அப்போது எங்க வீட்டுக்காரரின் தோஸ்த் ஏழுமலை, தோளில் ஒரு மூட்டையோடு வந்தார். தோல் மண்டியில் வேலை செய்கிறவர்.

"இதுக்கு ஏன்டா பேஜாராவுற? நம்ம ஊர்ல உப்புக்கா பஞ்சம்? மண்டி உப்பு. ஆட்டுத் தோலே கெடாம நிக்குது, மீன் நிக்காதா?"

அந்த உப்பு எத்தனை தோலோடு புரண்டு எழுந்து வந்ததோ, கூடம் முழுக்க வாடை. எங்க வீட்டுக்காரர் சின்னப் பையன் மாதிரி குதித்து, "கொட்டுடா!" என்றார். ஏழுமலை மூட்டையை அவிழ்த்துத் தொட்டி மேல் சாய்த்தார்.

"கொட்டுனா கைய ஒடச்சிடுவேன்!"

யார் பேசியது என்று எங்க வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்புறம்தான் அது என் குரல் என்று தெரிந்தது. ஏழுமலை மூட்டையைத் தூக்கின வாக்கிலேயே கல்லாக நின்றார்.

அந்த வேகம் ஆறுவதற்குள் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், முள்ளு ஏறல சார்."

"பக்கெட்டுல இருந்த உப்பு முழுசும் கலந்தீங்களாம்மா?"

உப்பு! நான் திரும்பி அந்த பக்கெட்டைப் பார்த்தேன்.

"அம்மா? இருக்கீங்களா?"

"அதாலதான் சார் தொட்டியத் தேய்ச்சேன்."

சார் சிரித்தார் பாருங்கள், போனுக்கு வெளியே நூர்ஜஹானுக்கே கேட்டது. சிரித்து முடித்து, "மீதி எவ்ளோ இருக்கு? பாதியா? போர் தண்ணி வேணாம்மா, அதை எடுத்துடுங்க. நல்ல தண்ணியில இந்த உப்பைக் கலந்து பாதித் தொட்டி ரொப்புங்க, போதும்" என்றார்.

நல்ல தண்ணி எங்கள் தெருவுக்கு எப்போதாவது வருவது. குழாயில் பிடித்து மூடி வைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலவு செய்வோம். யாரிடம் போய்க் கேட்பது என்று நான் விழித்தபோது, நூர்ஜஹான் வீட்டுக்குப் போய், இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தாள். "சோறு நாளைக்கு வடிச்சிக்கலாம்க்கா. ஊத்து." அவள் பின்னாலேயே இன்னும் நான்கைந்து குடங்கள். மூட்டையை வாசலில் வைத்துவிட்டு வந்து, போர் தண்ணியை மொண்டு வெளியே கொட்டினவர் ஏழுமலைதான்.

உப்பைக் கலக்கினேன். மோட்டாரைப் போட்டு, தண்ணி தெளிகிற வரைக்கும் எல்லாரும் காத்திருந்தோம். முள் டப்பாவில் மொண்டேன். முள் நிதானமாக எழுந்து பச்சைக் கோட்டில் நின்றது. தெருவே கைதட்டியது. பையைத் தொட்டிக்குள் அவிழ்த்துவிட்டேன். பெரிய மீன் வெளியே வந்து, ஒரு கல்லைச் சுற்றி, எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தது. (அது நம்மளப் பாக்குமா என்று கேட்டவர்தான் முதல் ஆளாக "என்னைப் பாத்துச்சு!" என்றார்.)

இரண்டும் நன்றாக இருக்கின்றன. புதிதாக அதே உப்பு வாங்கிக் கலந்து, இப்போது முழுத் தொட்டியும் நிரம்பி இருக்கிறது. காலையில் காபியோடு எங்க வீட்டுக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால், பேப்பர்காரர் வந்தால்தான் எழுந்திருப்பார்.

மாறாதவர் ஏழுமலை மட்டும்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டி, "பாத்துக்க சாந்தா, கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் அதேபோல் இரண்டு கையையும் தூக்கினார். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தர் நூர்ஜஹானிடம் மெதுவாகக் கேட்டாராம்:

"யாருங்க அவங்க, போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்களா?"